பகலில் செய்தியாளர், இரவில் முகமூடி

துப்பறிவாளர்களில் ஒரு சிறு வகுப்பு உண்டு. பகலில் இவர்களுக்குச் செய்தித்தாளிலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வேலை. இரவானால் முகத்தை மூடிக்கொண்டு, சட்டத்தின் கைக்கு எட்டாத ஆட்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். அமெரிக்க வானொலியிலும் சித்திரக்கதைகளிலும் 1936 முதல் இந்த மரபு அறுபடாமல் வருகிறது. துப்பறியும் கதைகளைப் பற்றிய இம்மலரில் அவர்களுக்கும் சில பக்கங்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

இந்த மரபை அளக்க நான் வைத்திருக்கும் கோல்கள் இரண்டு. நாயகனின் பத்திரிகை வேலையைப் பிடுங்கிவிட்டால் கதை நிற்குமா? நின்றால் அந்த வேலை கதைக்குத் தேவையில்லாதது. அடுத்து, முகமூடிக்குள் இருந்து அவன் செய்வதை மறுநாள் தன் பெயர் போட்டு உண்மையாக எழுத அவனால் முடியுமா? பத்திரிகைக்காரனின் பலமே பெயர் போட்டு எழுதுவதுதான். முகமூடியின் பலமோ பெயரை மறைப்பது. ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்ததால்தான் இந்த மரபுக்குச் சுவை வந்தது.

முகமூடி நாயகனுக்குப் பகல் முகம் ஒன்று வேண்டும் என்ற ஏற்பாடு பத்திரிகை உலகத்துக்கு வெளியே பிறந்தது. 1905இல் லண்டன் மேடைக்கு வந்த ஸ்கார்லெட் பிம்பர்னல் பகலில் அலங்காரப் பிரியரான ஒரு பிரபு. 1919இல் ஜான்ஸ்டன் மக்கல்லி எழுதிய ஸோரோ பகலில் சோம்பலான பணக்கார வாலிபன். துப்பறியும் நிருபரோ பிரான்சிலிருந்து வந்தவர்: 1907இல் காஸ்தோன் லெரூ எழுதிய மஞ்சள் அறை மர்மத்தில் பதினெட்டு வயது நிருபர் ரூல்தபி, பூட்டிய அறைக்குள் நடந்த தாக்குதலின் புதிரை அவிழ்க்கிறான். அவனுக்கு முகமூடி இல்லை. பின்னாளில் அமெரிக்கர்கள் இந்த இரண்டு கிளைகளையும் ஒட்டுப்போட்டார்கள்.

கதைகளுக்கெல்லாம் முன்பே நிஜத்தில் ஒருவர் இதைச் செய்து காட்டியிருந்தார். 1887இல் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகைக்காக நெல்லி பிளை மனநோயாளியைப் போல நடித்து பிளாக்வெல் தீவின் மனநல விடுதிக்குள் நுழைந்தார். பத்து நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் கண்டது அனைத்தையும் எழுதினார். விசாரணை நடந்தது, விடுதிகளுக்கு ஒதுக்கிய பணமும் கூடியது. வேடம் போட்டது எவ்வளவு முக்கியமோ, அதைக் கலைத்துவிட்டு எழுதியதும் அவ்வளவு முக்கியம். என் அளவுகோலின் முதல் கோடு அவர் போட்டதுதான்.

இனி இந்த மரபின் பாணிகளுக்கு வருவோம். முதலாவதை முதலாளி பாணி எனலாம். 1936 ஜனவரி 31 அன்று டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். வானொலியில் 'கிரீன் ஹார்னெட்' தொடங்கியது. ஜார்ஜ் டிரெண்டிலும் ஃபிரான் ஸ்டிரைக்கரும் உருவாக்கிய தொடர் அது. நாயகன் பிரிட் ரீட், டெய்லி சென்டினல் நாளிதழின் உரிமையாளன். அதே நிலையத்தின் புகழ்பெற்ற முகமூடிக் குதிரைவீரன் லோன் ரேஞ்சரின் அண்ணன் வழிப் பேரன் என்பது கதையின் ஏற்பாடு. தாத்தாவுக்குக் குதிரையும் வெள்ளித் தோட்டாவும். பேரனுக்கு பிளாக் பியூட்டி என்ற காரும், மயக்கப்புகைத் துப்பாக்கியும், அச்சு இயந்திரமும்.

இந்தத் தொடரின் மூளை எங்கே இருக்கிறது என்றால், ஹார்னெட்டை எல்லோரும் குற்றவாளி என்றே நம்புகிறார்கள். போலீஸ் தேடுகிறது. அவனுடைய சொந்தப் பத்திரிகையே அவனைத் திட்டிச் செய்தி போடுகிறது. அந்தக் கெட்ட பெயரை வைத்துத்தான் அவன் கொள்ளைக் கும்பல்களுக்குள் நுழைகிறான். கதை முடியும்போது பத்திரிகை விற்கும் பையன் தலைப்புச் செய்தியைக் கூவுவான்: கும்பல் பிடிபட்டது, ஹார்னெட் இன்னும் சிக்கவில்லை. வேலையைப் பிடுங்கினால் கதை விழுந்துவிடும் என்பதால் முதல் கோலில் இவன் முழுதாகத் தேறுகிறான். இரண்டாவது கோலில் தோற்கிறான். தெரிந்தே பொய்யை முதல் பக்கத்தில் போடும் பத்திரிகை முதலாளியை நான் நல்ல பத்திரிகைக்காரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கும். 1966இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஹார்னெட்டின் துணைவன் கேட்டோவாக நடித்தவர் புரூஸ் லீ. தொடர் 26 பகுதிகளோடு நின்றுபோனது. ஹாங்காங்கில் அதைக் கேட்டோவின் தொடர் என்றே அழைத்தார்கள். 1938 அக்டோபரில் டிடெக்டிவ் காமிக்ஸ் இருபதாவது இதழில் வந்த கிரிம்சன் அவெஞ்சரும் இதே பாணிதான். அவனும் பத்திரிகை அதிபர். அவனுக்கும் ஆசியக் கார் ஓட்டுநர். அவனுக்கும் புகைத் துப்பாக்கி. பாட்மேனுக்கு ஏழு மாதம் மூத்தவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இரண்டாவது, நிருபர் பாணி. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். 1938இல் வந்த சூப்பர்மேன் முகமூடி அணிவதில்லை. ஆனால் கிளார்க் கென்ட்டின் மூக்குக்கண்ணாடி அந்த வேலையைத்தான் செய்கிறது. செய்தி முதலில் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் நாளிதழில் சேர்கிறான். தன்னைத் தானே பேட்டி கண்டு எழுதும் சங்கடத்தைக் கதாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் எளிதாகத் தாண்டிப் போனார்கள். ஒரு தருணத்தை மட்டும் மதிப்போடு சொல்ல வேண்டும். 1946இல் சூப்பர்மேன் வானொலித் தொடர், வெறுப்பைத் தொழிலாகக் கொண்ட கூ கிளக்ஸ் கிளான் போன்ற ஒரு கூட்டத்தை எதிரியாக வைத்துப் பல வாரம் கதை நடத்தியது. சீனக் குடும்பம் ஒன்றைத் துரத்தப் பார்க்கும் முகமூடிக் கும்பலை ஒரு நாளிதழும் அதன் நிருபர்களும் எதிர்க்கிறார்கள். முகமூடி தீயவர் பக்கமும், பெயர் போட்ட எழுத்து நல்லவர் பக்கமும் நின்ற அபூர்வமான கதை அது.

ஸ்பைடர்மேன் 1962இல் வந்தான். அடுத்த ஆண்டே பீட்டர் பார்க்கர் டெய்லி பியூகிளுக்குப் படம் விற்கத் தொடங்கிவிடுகிறான். கேமராவை வலையில் ஒட்டி வைத்துவிட்டுத் தன் சண்டையைத் தானே படம் எடுக்கிறான். தொழில் நெறிப்படி இது மோசடி. ஆனாலும் அத்தையின் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் அவனை அழுத்துவதைப் படிக்கும்போது கை ஓங்க மனம் வருவதில்லை. அந்தக் கதைகளில் கோமாளியாகவும் வில்லனாகவும் காட்டப்படும் ஆசிரியர் ஜோனா ஜேம்சனுக்காக இங்கே ஒரு வார்த்தை பேச விரும்புகிறேன். முகத்தைக் காட்டாத ஒருவன் தெருவில் ஆட்களை அடித்துக் கட்டிப் போடுகிறான். அவன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான் என்று ஜேம்சன் கேட்கிறார். அவர் குணம் கெட்டது. கேள்வி நியாயமானது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்பைடர்மேனை ஸ்டான் லீயோடு சேர்ந்து படைத்து வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. 1966இல் ஸ்பைடர்மேனை வெளியிட்ட நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அதன்பின் இரண்டே ஆண்டில் மூன்று நாயகர்களைப் படைத்தார்: தொலைக்காட்சிச் செய்தியாளன் விக் சேஜ், நாளிதழ் நிருபன் ரெக்ஸ் கிரெய்ன், தொலைக்காட்சியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்திய ஜாக் ரைடர். பீட்டர் பார்க்கரையும் சேர்த்தால் நான்கு ஊடகக்காரர்கள், நான்கு மறைமுகங்கள். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனில் பிறந்து, 2018இல் தொண்ணூறு வயதில் இறந்த இந்த மனிதர், தன் வாழ்நாளின் பெரும்பகுதி பேட்டியே கொடுக்காதவர். செய்தியாளர்களுக்கு முகம் காட்டாத ஒருவர் செய்தியாளர்களைத்தான் திரும்பத் திரும்ப நாயகர் ஆக்கினார். மூன்றாவது பாணி அவருடையது. இந்த மரபின் சிகரமும் அதுதான்.

ரெக்ஸ் கிரெய்ன் 'மிஸ்டர் ஏ' ஆக வருகிறான். வெள்ளை உடை, உருக்கு முகமூடி, உருக்குக் கையுறை. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான ஓர் அட்டையை நீட்டுவான். அவன் உலகத்தில் சாம்பல் நிறம் கிடையாது. அயன் ராண்டின் சிந்தனையை டிட்கோ தீவிரமாகப் பின்பற்றிய காலம் அது. சித்திரக்கதைத் தணிக்கை விதிகளுக்கு உட்படாத, வாலி வுட் நடத்திய 'விட்செண்ட்' இதழில் 1967இல் இக்கதை வந்தது. கொலைகாரன் உயரத்திலிருந்து விழும் நிலையில் தொங்கும்போது மிஸ்டர் ஏ காப்பாற்றுவதில்லை. ஏன் காப்பாற்றவில்லை என்று விளக்கமும் சொல்கிறான். படிக்கக் கடினமான கதை. அதன் இரக்கமின்மையை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த நேர்மையை மறுக்க முடியாது.

அதே ஆண்டு சார்ல்டன் நிறுவனத்தின் புளூ பீட்டில் முதல் இதழின் பின்பக்கங்களில் விக் சேஜ் 'தி கொஸ்டின்' ஆக அறிமுகமானான். தணிக்கைக்கு ஏற்றபடி மிஸ்டர் ஏயின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிச் செய்த உருவம். முகமூடிதான் இங்கே அற்புதம். பேராசிரியர் ரோடர் கண்டுபிடித்த செயற்கைத் தோல் ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொள்கிறான். ஒரு புகை அதை முகத்தோடு இறுக்கி, உடையின் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெறுமை வந்து எதிரே நிற்கிறது. பயமுறுத்தும் முகமூடிகள் ஆயிரம் உண்டு. முகமே இல்லாத முகமூடியை நினைத்துப் பார்த்தவர் டிட்கோ.

இவன் ஏன் உயர்ந்தவன்? விக் சேஜ் இரவில் நம்புவதைப் பகலிலும் சொல்கிறான். கேமராவுக்கு முன் உட்கார்ந்து ஊழல்காரரின் பெயரைச் சொல்கிறான். விளம்பரதாரர்கள் நெருக்குகிறார்கள், உடன் வேலை செய்பவர்கள் அவனை விரட்டப் பார்க்கிறார்கள், அவன் பின்வாங்குவதில்லை. கிளார்க் கென்ட்டைப் போலக் கோழை வேடம் இல்லை. பிரிட் ரீட்டைப் போலப் பொய்ச் செய்தியும் இல்லை. மறைந்திருப்பது பெயர் மட்டும். கருத்து வெட்டவெளியில் இருக்கிறது. என் இரண்டாவது கோலின் அருகில் வந்தவன் இவன் ஒருவனே. முழுதாகத் தேறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். சாக்கடைக் கால்வாயில் அடித்துச் செல்லப்படும் இரண்டு குற்றவாளிகளைக் கை கொடுக்காமல் விட்டுவிட்டு நடக்கும் காட்சி ஒன்று தொடக்கக் கதைகளில் உண்டு. அதை எந்தச் செய்தியில் எழுதுவான்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு முன்னாள் நிருபர். டென்னி ஓ'நீல் சித்திரக்கதைக்கு வருமுன் மிசௌரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ ஊரில் நாளிதழ் வேலை பார்த்தவர். 1987இல் ஓவியர் டெனிஸ் கோவனோடு கொஸ்டினைப் புதிதாகத் தொடங்கினார். முதல் இதழிலேயே நாயகன் அடித்து நொறுக்கப்பட்டு, தலையில் சுடப்பட்டு, ஆற்றில் வீசப்படுகிறான். பிழைத்து வந்தபின் அவனிடம் உறுதி குறைந்து கேள்விகள் கூடியிருக்கின்றன. ஹப் சிட்டி என்ற அந்த நகரத்தை ஓ'நீல் எழுதிய விதம் ஒரு நிருபரின் கண் கொண்டது: குடிகார மேயர், அவரை ஆட்டிவைக்கும் பாதிரியார், ஓடாத பள்ளிகள், விலைபோன போலீஸ், தேர்தலில் நிற்கும் மேயரின் மனைவி மைரா. குற்றவாளியைப் பிடித்தால் நகரம் சரியாகிவிடும் என்ற பழைய வாக்குறுதி இங்கே இல்லை. 36 இதழ்களின் முடிவில் விக் சேஜ் நகரத்தை விட்டுப் போகிறான். மைரா போக மறுத்துத் தங்கிவிடுகிறாள்.

இடையில் ஒரு கிளைக்கதையும் சொல்ல வேண்டும். ஆலன் மூரும் டேவ் கிப்பன்சும் 1986இல் தொடங்கிய வாட்ச்மேனின் ரோர்ஷாக், கொஸ்டினை வைத்து வார்க்கப்பட்டவன். அவன் செய்தியாளன் இல்லை. ஆனால் தன் நாட்குறிப்பை ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுச் சாகப் போகிறான். அதை அச்சிடுவதா குப்பையில் போடுவதா என்பதோடு கதை நிற்கிறது. ஓ'நீல் இதற்குப் பதில் சொன்னார்: 17ஆவது இதழில் விக் சேஜ் விமானத்தில் வாட்ச்மேனைப் படிக்கிறான், ரோர்ஷாக்கைப் போல நடந்து பார்க்கிறான், நன்றாக அடி வாங்குகிறான்.

பிறகு 2007இல் விக் சேஜ் நுரையீரல் புற்றுநோயில் இறக்க, முகமூடி முன்னாள் போலீஸ் அதிகாரி ரெனே மொன்டோயாவுக்குப் போனது. செய்தியாளன் என்ற பாதி அப்போது காணாமல் போனதில் எனக்கு வருத்தம் இருந்தது. 2019இல் கிரெக் ரக்கா எழுதிய லோயிஸ் லேன் தொடரில் அந்தக் குறை தீர்ந்தது. லோயிஸ் தன் பெயரில் எழுதுகிறார். மொன்டோயா முகம் மறைத்துத் தகவல் தேடித் தருகிறார். பேனாவும் முகமூடியும் இரண்டு பேரிடம் பிரிந்து, கூட்டாளிகள் ஆகின்றன.

நிஜ உலகில் இந்த வேலையைச் செய்பவர் கானாவின் அனஸ் அரெமெயாவ் அனஸ். முகத்தின் மேல் மணிச்சரங்கள் தொங்க மேடை ஏறும் புலனாய்வுச் செய்தியாளர். தன் பெயரை மறைப்பதில்லை. 2015இல் நீதிபதிகள் லஞ்சம் வாங்குவதை மறைகேமராவில் பதிவு செய்து வெளியிட்டார். பலர் பதவி இழந்தார்கள். 2018இல் கால்பந்து ஊழலை வெளியிட்டார். நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவர் விலகினார். அவருடைய முறைகள் பற்றி அவர் நாட்டிலேயே கடும் விவாதம் உண்டு. 2019 ஜனவரியில் அவருடைய குழுவின் அகமது ஹுசைன் சுவாலே அக்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்களுக்கு முன்புதான் ஓர் அரசியல்வாதி சுவாலேயின் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார். செய்தியாளனுக்கு முகமூடி எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கதைகளில் இல்லை.

தமிழில் கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே தோன்றியதில்லை. அவர் படைத்த சங்கர்லாலோ முகம் மறைக்காத துப்பறிவாளர், பத்திரிகைக்காரரும் அல்லர். பத்திரிகை வேலையை உள்ளும் புறமும் அறிந்த எழுத்தாளர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் இந்த மரபில் ஒரு தமிழ்க் கதை எழுத உட்கார்ந்தால், அதற்குமுன் ஓ'நீலின் 36 இதழ்களையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்துவிடுங்கள்.