ரத்தத்தை எண்ணுகிறவர்கள்: 'மோனோனோகே இளவரசி'யும் குழந்தை என்னும் பார்வையாளரும்

"இதப் போயி புள்ளைங்களுக்குப் போடுவாங்களா?" என்று கேட்டவர் பத்தாம்பசலி ஆசாமி அல்ல. இருபது வருஷமாக மாலைப் பள்ளி நடத்திவருகிற தோழர். ஹயாவோ மியாசாகியின் 'மோனோனோகே இளவரசி'யைக் கோடை விடுமுறையில் திரையிடலாம் என்று நான் சொன்னதும், வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அம்பு பாய்ந்து ஒருவனுடைய கைகள் பிடித்த வாளோடு மரத்தில் போய்த் தைத்து நிற்கின்றன. இன்னொருவன் தலை பறக்கிறது. ஓநாயின் தோட்டாக் காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, சிவந்த வாயோடு நிமிர்ந்து பார்க்கிறாள் ஒரு பெண். "பொம்மைப் படம்னுல்ல சொன்னீங்க?" என்றார்.

பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள், பெரியவர்களுக்குத்தான் நடுக்கம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். சோம்பேறித்தனமான பதில் அது. அவருடைய கேள்விக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எங்கும் முதலில் கையிலெடுத்துக்கொள்வது சான்றிதழ் தரும் நிறுவனங்கள்தாம். 1997 ஜூலையில் ஜப்பானில் இந்தப் படம் வயது வரம்பில்லாமல் வெளியானது. குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். அங்கே அதுவரை வசூலில் முதலிடத்திலிருந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'யைத் தாண்டியது. 1999இல் அமெரிக்காவுக்குப் போனபோது வன்முறை, கோரக் காட்சிகள் என்று காரணம் சொல்லி, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் பிரிவில் வைத்தார்கள். இந்தியாவில் 1952ஆம் வருஷத்துச் சட்டம் யு, ஏ என்று இரண்டு பெட்டிகளைச் செய்தது. 1983இல் யு/ஏ சேர்ந்தது. 2023ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த யு/ஏவையே 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. ஆக, குழந்தை என்பது நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் மாறுகிற ஒரு கட்டமைப்பு. குழந்தைமை வரலாற்றில் உருவானது என்று பிலிப் ஆரியே 1960இலேயே எழுதியதை நம்மில் பலர் தயாராக மேற்கோள் காட்டுவோம். சரி. ஆனால் இருட்டில் பயந்து அழுகிற பிள்ளையிடம் ஆரியேவைச் சொல்லி அழுகையை நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நிறுவனங்கள் செய்வது பெரும்பாலும் ஒரு கணக்குப்பிள்ளை வேலை. எத்தனை வெட்டு, எத்தனை சொட்டு. வெட்டியவனுக்கு என்ன ஆயிற்று என்பது அந்தப் பேரேட்டில் ஏறுவதில்லை. டிஸ்னியின் புகழ்பெற்ற படங்களை எண்ணிப்பாருங்கள். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) வில்லன் காஸ்டன் மாளிகை உச்சியிலிருந்து தானாக வழுக்கி விழுகிறான். 'த லயன் கிங்' (1994) சித்தப்பன் ஸ்காரை முடிப்பவை கழுதைப்புலிகள். அதுவும் சுவரில் ஆடும் நிழலாக. கதைக்கு அந்தச் சாவு வேண்டும். நாயகன் கையில் கறை மட்டும் படக்கூடாது. எனவே பள்ளமோ வேறு மிருகமோ அந்த வேலையை முடித்துக் கொடுக்கிறது. தனக்கு வேண்டியவன் கொல்ல வேண்டியதில்லை, வேண்டாதவன் எப்படியும் செத்துப்போவான் என்று ஐந்து வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு பெரிய அரசியல்! அந்தப் படங்களை ஒரு சொட்டு ரத்தமில்லாதவை என்று தைரியமாகப் போடுகிறோம்.

மியாசாகி கறையைக் கையிலேயே வைக்கிறார். வெறிபிடித்து ஊருக்குள் பாய்ந்து வருகிறது ஒரு காட்டுப்பன்றித் தெய்வம். உடம்பெங்கும் கரும்புழுக்கள் நெளிகின்றன. அதைப் பெயரில்லாத் தெய்வமே என்று கெஞ்சி நிறுத்தப் பார்க்கிறான் அஷிடாகா. முடியவில்லை, அம்பெய்கிறான். அதன் சாபம் அவன் வலது கையில் ஒட்டிக்கொள்கிறது. ஊரின் மூத்த கிழவி, செத்துக்கொண்டிருக்கும் அந்த மிருகத்தின் முன்னால் மண்டியிட்டு வணங்குகிறாள். மேடு எழுப்பிக் கும்பிடுவோம் என்கிறாள். அது தன் வெறுப்பைக் கக்கிவிட்டுத்தான் சாகிறது. எதிரியின் பிணத்துக்கு முன்னால் தலை தாழ்த்துகிற இந்த ஒரு நிமிடத்துக்குச் சமமாக எந்தக் குழந்தைப் படத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சாபம் அவனைக் கொல்லப் போகிறது; அதே சமயம் அந்தக் கைக்கு அசுர பலமும் தருகிறது. தோழரைத் திடுக்கிட வைத்த அந்த அம்பு இந்தக் கை எய்த அம்புதான். கிராமத்தைக் கொள்ளையடிக்கும் சாமுராய்களை விரட்டத்தான் எய்கிறான். நியாயம் அவன் பக்கம்தான். ஆனால் கை அவன் நினைத்ததைவிட அதிகமாகச் செய்துவிடுகிறது. அவன் முகத்தில் வெற்றி இல்லை, திகைப்புதான். ஒவ்வொருமுறை கோபம் வரும்போதும் தழும்பு பரவுகிறது. வன்முறையின் கவர்ச்சியும் அதன் விலையும் ஒரே உறுப்பில், ஒரே கோட்டில் வரையப்பட்டிருக்கின்றன. ஆக்‌ஷன் படம் பார்க்கிற பையன் கைதட்டத் தூக்கிய கை பாதியில் நிற்கிறது. அந்தத் தலை பறக்காமல் இருந்தால் இந்தத் தயக்கமும் கிடையாது. ரத்தத்தைக் குறைத்தால் படம் குழந்தைகளுக்கு நல்லதாகிவிடும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: குறைத்தால் படம் பொய்யாகும்.

பொய்யாக்கிப் பார்த்த அனுபவமும் உண்டு. மியாசாகியின் 'நௌசிகா' 1984இல் வந்தது. மறுவருஷம் அமெரிக்காவில் அதை 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்று பெயர் மாற்றி, இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, சிறுவர்களுக்கான சாகசப் படமாக விற்றார்கள். நாயகியின் பெயரையே 'சாண்ட்ரா' என்று ஆக்கினார்கள். படத்தில் இல்லாத ஆண் வீரர்களைப் போஸ்டரில் வரைந்தார்கள். சண்டை தங்கிவிட்டது, நஞ்சான காடு உண்மையில் பூமியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்ற விஷயம்தான் அடிபட்டது. குழந்தைக்காக வெட்டுகிறேன் என்கிற கத்தரி எங்கே விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தச் சூடு பட்டதால்தான் 'மோனோனோகே'யை அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஒரு நிமிடத்தையும் வெட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக ஜப்பானியத் தயாரிப்பாளர் ஒரு வாளையே எடுத்துப்போய் அந்த நிறுவனத் தலைவரிடம் கொடுத்தார் என்று கதை சொல்கிறார்கள்.

எந்தப் பேரேட்டிலும் ஏறாத இன்னொன்றைச் சொல்ல வேண்டும். காட்டை அழித்து இரும்பு உருக்கும் தாதாரா நகரின் தலைவி எபோஷி. வழக்கமான படத்தில் வில்லி. இவள் விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவர்கள் இரவும் பகலுமாக முறைவைத்துத் துருத்தி மிதிக்கிறார்கள், ஆண்களை வாய்விட்டு நக்கலடிக்கிறார்கள். அவளுடைய தோட்டத்துக்குப் பின்னால், வெளியாட்கள் நுழையாத ஒரு கட்டிடத்தில், உடம்பெல்லாம் துணி சுற்றிய தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். அஷிடாகாவின் கை எபோஷியைக் கொல்லத் துடிக்கிறது. அப்போது எழுந்து உட்காரக்கூட முடியாத ஒரு நோயாளி கெஞ்சுகிறார்: எங்களை மனிதராக நடத்தியது இவள் ஒருத்திதான், அழுகிய எங்கள் உடம்பைக் கழுவிக் கட்டுப்போட்டவள் இவள்தான்.

ஜப்பானில் தொழுநோயாளிகளைப் பிரித்து அடைத்துவைத்த சட்டம் ரத்தானது 1996இல். அடுத்த வருஷம் வந்த படம் இது. தன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தாமா ஜென்ஷோயென் தொழுநோய் இல்லத்துக்குப் போய்வந்த அனுபவம்தான் இவர்களை ஒளிக்காமல் வரைய வைத்தது என்று மியாசாகி பின்னால் பேசியிருக்கிறார். இடைக்கால ஜப்பான் என்றால் சாமுராயும் நெல் விளைக்கிற விவசாயியும் மட்டும்தானா என்று கேட்ட வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோவின் பாதிப்பும் இதில் உண்டு: உருக்காலைக்காரர்கள், மாட்டு வண்டிக்காரர்கள், நோயாளிகள், அரசால் துரத்தப்பட்ட எமிஷிகள். விளிம்பின் வரலாற்றை நாம் கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்கிறார்.

இதே இடத்தில் நம் சூழலியல் நண்பர்களோடும் எனக்குத் தகராறு. அவர்கள் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வது 'காட்டைக் காப்போம்' என்கிற பாடமாக. அதுவும் ஒரு யு சான்றிதழ்தான். முத்திரை குத்துகிற கைதான் வேறு. காட்டின் பக்கம் நின்று பார்க்கிற பிள்ளையை எபோஷியின் பெண்களோடு கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது படம். தெய்வத்தின் தலையை அறுக்கிறவளும் புண்ணைக் கழுவுகிறவளும் ஒருத்திதான் என்றால் யார் பக்கம் நிற்பது? தேவதைக் கதைகளின் கொடூரம் பிள்ளைகளுக்குத் தேவை என்று 1976இல் வாதாடிய புரூனோ பெட்டல்ஹெய்ம்கூட, கடைசியில் சூனியக்காரி தண்டனை பெறுவதை நம்பித்தான் வாதாடினார். இங்கே அந்த வசதி இல்லை. எபோஷி ஒரு கையை இழக்கிறாள், சாகவில்லை. சான் மனிதர்களை மன்னிக்கவில்லை. அவள் காட்டிலும் அவன் நகரத்திலுமாகப் பிரிகிறார்கள்.

படத்தின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. தெய்வத்தின் தலை வேண்டும் என்று ஆசைப்பட்டது யார்? சாகாவரம் தேடும் பேரரசர். அவருடைய கடிதம் வருகிறது, ஆள் வருகிறான், அவர் வருவதில்லை. எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று படத்தால் சொல்ல முடிவதே, நியாயமே இல்லாத அந்த ஒரு ஆளைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தியதால்தான். அடித்தட்டில் இருப்பவர்கள் காட்டோடு மோதிச் சாகிறார்கள். மேலே இருப்பவர் முகம்கூடக் காட்டாமல் தப்பிக்கிறார். குழந்தைகளுக்கு இந்தப் படம் பொருந்தாது என்று யாராவது வாதாட விரும்பினால் தலை பறப்பதை விட்டுவிட்டு இதைச் சொல்லட்டும். கேட்கிறேன்.

படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற பேச்சுக்கு 1997 ஜப்பான் வினோதமான வருஷம். மே மாதம் கோபே நகரில் பதினோரு வயதுச் சிறுவனின் வெட்டப்பட்ட தலை பள்ளி வாசலில் கிடந்தது. ஜூன் கடைசியில் கைதானவனுக்கு வயது 14. நாடே உறைந்துபோயிருந்த நேரத்தில், இரண்டு வாரத்தில், தலைகள் அறுபடும் இந்தப் படம் வெளியானது. மூன்று வருஷம் கழித்து நாடாளுமன்றம் தண்டனைக்கான வயதை 16லிருந்து 14 ஆக இறக்கியது. குழந்தை யார் என்று தீர்மானிக்க அரசுக்கு அவ்வளவுதான் நேரம் பிடித்தது. அதே வருஷம் டிசம்பர் 16 அன்று தொலைக்காட்சியில் 'போக்கிமான்' தொடரின் ஓர் அத்தியாயம் ஓடியது. ரத்தம் இல்லை, வெட்டு இல்லை. சிவப்பும் நீலமும் மாறி மாறிப் படபடவென்று மின்னின. வலிப்பும் மயக்கமுமாகச் சுமார் 700 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த அத்தியாயத்தை ஆட்சேபிக்க எந்தத் தாய்க்கும் முன்கூட்டி ஒரு காரணம் இருந்திருக்காது.

இனி அழுத பிள்ளை. படத்தைத் திரையிட்டோம். தோழரை வாதாடி மடக்கிய திமிர் எனக்கு. வயது பார்க்காமல் எல்லோரையும் உட்கார வைத்தேன். அந்தப் பன்றி புழுக்களோடு மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்ததும் ஆறு வயசுப் பையன் ஒருவன் வீறிட்டான். அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதனால் அவளும் படம் பார்க்கவில்லை. எனக்கு உறைத்தது இரண்டாவதுதான். அந்தப் பையனுக்குப் பயம் தந்தது ரத்தம் அல்ல; அதுவரை ஒரு சொட்டும் சிந்தவில்லை. பார்த்த உருவம் இன்னதென்று அவனால் பெயர் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கிழவி வந்து அதை வணங்கும்வரை பொறுத்திருக்கிற வயதும் அவனுக்கு இல்லை. மேடைகளில் கட்டமைப்பு என்று நான் சொல்கிற குழந்தைக்கு உடம்பு இருக்கிறது, அது நடுங்குகிறது.

பெரிய பிள்ளைகள் கடைசிவரை இருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எபோஷி கெட்டவளா இல்லையான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே சார்" என்றாள். குறையாகத்தான் சொன்னாள். பக்கத்திலிருந்தவன், "கெட்டவதான், மரத்தையெல்லாம் வெட்டுறால்ல" என்றான். "அப்ப அந்தக் கட்டுப் போட்டவங்கள யாரு பாத்துக்குவா, நீயா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். சண்டை கொஞ்ச நேரம் ஓடியது. நான் தலையிடவில்லை.

தோழர் இன்னும் முழுக்க ஒப்பவில்லை. அடுத்த திரையிடலுக்கான தாளில் 'பத்து வயசுக்கு மேல்' என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு நிறுத்தி, பிள்ளைகளோடு பேசிவிட்டுத் தொடர வேண்டும் என்கிறார். வயசுக்கு ஒப்புக்கொண்டேன். நிறுத்துவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அக்காவை மட்டும் இந்தத் தடவை தம்பி இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறோம்.