பொன்னியின் செல்வனும் ஆனைமங்கலக் கொடையும்

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரப் பகுதி உள்ளத்தைக் கவர்வது. நோயுற்ற இளவரசர் அருள்மொழிவர்மரைப் புத்தத் துறவிகள் அங்கே மறைத்துவைத்துப் பேணுகின்றனர். பிற்காலத்தில் அவர் இராசராச சோழராகி அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததற்கு அந்த நன்றியே வித்து என்னும் எண்ணம் படிப்போர் நெஞ்சிற் பதிந்துவிடுகின்றது. கதைக்கு இஃது அழகே. ஆயின், சமயப்பொறை பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது போதுமா?

கொடையைப் பதிவு செய்த லெய்டன் செப்பேடுகள் வேறு செய்தி கூறுகின்றன. விகாரத்தை எடுப்பித்தவர்கள் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மரும் அவர் மைந்தர் மாறவிசயோத்துங்கவர்மரும் ஆவர். கடாரமாவது நம் பேராக்கிற்கு வடக்கேயுள்ள கெடா. சீனம் செல்லும் கடல்வழி அவர்கள் கையில் இருந்தது. அவர்தம் நட்பு சோழ நாட்டு வாணிகத்திற்கு இன்றியமையாதது. சிவபாதசேகரர் எனப் பெயர் பூண்ட இராசராசர், தம் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 97 வேலி கொண்ட அவ்வூரின் வருவாயைப் புத்தப் பள்ளிக்கு விட்டார். பிடியை நடத்தி எல்லை வகுத்தனர். அண்டையிலிருந்த பிரமதேய ஊரினரும் உடனிருந்து கையெழுத்திட்டனர். அஃதாவது, அரசன் உள்ளத்து ஈரம் அன்று, ஆட்சியின் ஒழுங்கே அங்குப் பேசுகின்றது.

தந்தையின் ஆணையை என்றும் நிற்குமாறு செப்பேட்டில் பொறிப்பித்தவர் இராசேந்திரர். அவரே 1025இல் கடாரத்தின்மீது படை செலுத்தினார். போர் மூண்டும் விகாரம் அழியவில்லை; 1090 அளவில் முதற் குலோத்துங்கர் கடாரத்துத் தூதர் வேண்டுகோளுக்கு இணங்கி அதன் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தார். நன்றியுணர்ச்சி ஒருவரோடு முடியும். எழுதி வைத்த ஆணை மூன்று தலைமுறைக்கு மேலும் நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே இராசேந்திரர் காலத்தில் சோழர் படை ஈழத்து விகாரங்களைச் சூறையாடிற்று என்று சூளவம்சம் கூறுகின்றது. நாகையில் காத்த கை அங்கே காக்கவில்லை. ஆதலின் சோழரின் சமயப்பொறை, அரசியல் நலன் சென்ற அளவே சென்றது எனல் வேண்டும்.

கல்கியின் கதையை மாணவர் விரும்பிப் படிக்கட்டும். அதன் அருகே செப்பேட்டுச் செய்தியையும் வைத்துக் காட்டுவது ஆசிரியர் கடன். சிறுபான்மையோராய் வாழும் மக்களுக்கு, ஆள்வோரின் நல்லெண்ணம் பெரிதா, எழுதப்பட்ட உரிமை பெரிதா என்னும் வினா பழங்கதை அன்று.