அங்கூரில் எறிந்த கல்

ஷியாம் பெனகல் 2024 டிசம்பர் 23 அன்று தொண்ணூறு வயதில் காலமானார். புகழஞ்சலி எழுத நான் வரவில்லை. திட்டவும் வரவில்லை. அவர் படங்களில் நம்ம சனங்க எப்படி வந்து போனாங்க, வரவர எப்படி மாறினாங்க என்பதைப் பேசியாக வேண்டும். நாம் கேமராவைத் தொட முடியாத காலத்தில் நம்மைத் திரையில் காட்டிய சிலரில் அவர் ஒருவர். அந்தக் கடனும் இருக்கு, கணக்கும் இருக்கு.

ஐதராபாத்தை ஒட்டிய திருமலகிரியில் 1934இல் பிறந்தவர். அப்பா புகைப்படக்காரர். குரு தத் உறவுக்காரர். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' அவருக்குப் பெரிய திறப்பு. கிராமத்தை அவசரமில்லாமல் பார்க்கிற கண் ராயிடமிருந்து வந்தது. ஆனால் பெனகலின் கிராமம் ராயின் கிராமம் இல்லை. அது நிலப்பிரபுக்கள் ஆண்ட தெலங்கானா, விவசாயிகள் ஆயுதம் ஏந்திய மண். வறுமையோடு அதிகாரத்தையும் அவர் பார்த்தார். பல நூறு விளம்பரப் படங்கள் எடுத்தபிறகே, மாணவப் பருவத்தில் எழுதிய கதையை 1974இல் 'அங்கூர்' என்று படமாக்கினார்.

அதில் கிஷ்டய்யா குயவர், காது கேளாத, வாய் பேசாத மனிதர். கள் திருடினார் என்று தலையை மழித்துக் கழுதைமேல் ஏற்றுகிறார்கள். ஊரைவிட்டே போய்விடுகிறார். அவர் மனைவி லட்சுமி சமைத்ததைப் பண்ணையார் மகன் சூர்யா சாப்பிடுவது ஊருக்குப் பெரிய பேச்சு. அவளைப் படுக்கைக்கு எடுத்துக்கொள்வது பண்ணையார் வழக்கம். அவள் கர்ப்பமானதும் அவன் கைகழுவுகிறான். திரும்பி வந்த கிஷ்டய்யா பழிவாங்க வருகிறார் என்று பயந்து அடித்து நொறுக்குகிறான். லட்சுமி சாபமிடுகிறாள். கடைசியில் ஒரு சின்னப் பையன் பண்ணைவீட்டுச் சன்னல்மேல் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறான்.

முதன்முறை பார்த்தபோது அந்தக் கல்லுக்கு நான் கைதட்டினேன். பிறகுதான் உறுத்தியது. ஒடுக்கப்பட்டவன் ஏன் ஊமையாக இருக்கணும்? எங்க தாத்தாவுக்கு நல்லாவே பேசத் தெரியும். கேட்கத்தான் ஊரில் ஆளில்லை. நம் மௌனம் உடம்பின் ஊனமில்லை, எதிரே இருந்தவனின் செவிட்டுத்தனம். கிஷ்டய்யாவின் ஊமைத்தனம் ஒரு குறியீடு என்று சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் குறியீடு யாருக்கு வசதி?

1976இல் 'மந்தன்'. குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். இதில் தலித் இளைஞன் போலா பேசுகிறான், கோபப்படுகிறான், நகரத்துக்காரனை நம்ப மறுக்கிறான். கூட்டுறவுத் தேர்தலில் சர்பஞ்ச் தோற்கிறார். உடனே சேரி எரிகிறது. ஓட்டுக்கும் தீக்கும் உள்ள உறவை இவ்வளவு நேராகக் காட்டிய படங்கள் அன்று குறைவு. ஆனாலும் கதை டாக்டர் ராவோடு ரயிலேறி வருகிறது, ராவோடு ரயிலேறிப் போகிறது. போலா மிஞ்சி நின்று பால் சேகரிப்பைத் தொடர்கிறான் என்பதே பெரிய ஆறுதல்.

'கதை யார் வழியாக வருது?' என்ற கேள்வி பெனகலையும் தின்றிருக்க வேண்டும். 1992இல் 'சூரஜ் கா சாத்வான் கோடா'வில் கதைசொல்லியையே சந்தேகத்துக்குள் நிறுத்தினார். சொல்கிறவன் மறைத்த இடங்கள்தான் அங்கே கதை. இந்தப் பாடத்தை 1999இல் வந்த 'சமர்' சாதிக்குத் திருப்பியது. அதிகாரியாக இருந்த ஹர்ஷ் மந்தர் பதிவு செய்த உண்மைச் சம்பவம் அது. மத்தியப் பிரதேசக் கிராமமொன்றில் நாத்து என்ற தலித்துக்கு நேர்ந்த கொடுமையைப் படமாக்க நகரத்துக் குழு வருகிறது. நாத்துவாக நடிக்க வந்த நடிகர் கிஷோரும் தலித். தாக்கூர் அவர் தலையில் சிறுநீர் கழிக்கும் காட்சியை எடுக்க வேண்டும். இழிவு நடிப்பா, நிஜமா? முற்போக்குப் படக்குழுவுக்குள்ளேயே சாதி வெடிக்கிறது.

இதுதான் பெனகல் நடந்த தூரம். ஊமையிலிருந்து கோபக்காரனுக்கு, அங்கிருந்து 'என்னை நடிக்கச் சொல்ல நீ யார்?' என்று கேட்பவனுக்கு. தன் கேமராவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தப் படத்துக்குள்ளும் இயக்குநர் நகரத்துக்காரரே. நாத்து தன் கதை படமாவதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

'சமர்' கிஷோராக நடித்தவர் கிஷோர் கதம். பதினான்கு வருஷம் கழித்து, 2013இல், அவரே நாக்ராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யில் பன்றி பிடிக்கும் அப்பாவாக வந்தார். அந்தத் தலைப்பு கைக்காடிச் சொல், நம்ம 'பன்றி'க்குச் சொந்தம். மஞ்சுளே தலித் வாழ்விலிருந்து வந்தவர். அங்கேயும் கடைசியில் ஒரு பையன் கல்லெறிகிறான். பண்ணையார் வீட்டுச் சன்னல்மேல் இல்லை, கேமராவை நோக்கி. அதாவது நம்மைப் பார்த்து, அந்தப் பன்றி வேட்டையை வேடிக்கை பார்த்துச் சிரித்த எல்லாரையும் பார்த்து.

'அங்கூர்' என்றால் முளை. முளைக்க வைத்தவர் பெனகல், மறுக்க மாட்டேன். அங்கே கைதட்டின நான் இங்கே தலையைக் குனிந்துகொண்டேன். முதல் கல் யாரோ எறிந்தது. இரண்டாவது நம்ம பையன் எறிந்தது. வித்தியாசம் கல்லில் இல்லை, கேமரா யார் கையில் இருக்கு என்பதில்.