பணிவின் மொழி

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனைப் போற்றுவோர், மானிப்பாயில் அவர் நோயாளருக்குக் காட்டிய கருணையையே பெரிதும் பேசுவர். நாம் மதிப்பது வேறொன்றை. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் கிராமத்தை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிச் சென்றதைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களை வெளியிட்டார். அவற்றின் வடமொழி மலிந்த கலைச்சொற்கள் இன்று கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும் ஏழையின் மொழி எந்த விஞ்ஞானத்தையும் தாங்கும் என்ற உறுதி அவற்றில் உண்டு. மதமாற்றமும் அவர் நோக்கமே; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மக்களைத் தம் மொழிக்கு அழைக்காமல், அவர்கள் மொழிக்குத் தாமே மாணாக்கரானாரே, சீடரின் கால் கழுவிய கிறிஸ்துவைப் பின்பற்றுவது அதுவன்றோ? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. கிறீனைக் கொண்டாடும் நாம் இதற்கு என்ன விடை சொல்லப்போகிறோம்?