கேட்டால்தான் கிடைக்கும்

வெள்ளானூர் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் த்ரெட், லாக் என்றாலே முகம் சுளிப்பார்கள். ஒரே எண்ணை, ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் மாற்றப்போய்க் கணக்கு பிசகுவதும், அதைத் தடுக்கப் போட்ட லாக்குகளுக்காக ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்து புரோகிராம் உறைந்துபோவதும் அவர்கள் லேபிலேயே பார்க்கிற கூத்துதான். அவர்கள் ஒருமுறையாவது ஆக்டர் மாடலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

1973-இல் கார்ல் ஹியூவிட், பீட்டர் பிஷப், ரிச்சர்ட் ஸ்டைகர் மூவரும் எம்.ஐ.டி.யில் முன்வைத்த யோசனை இது. ஒவ்வொரு ஆக்டருக்கும் சொந்த நினைவகம், ஒரு மெயில்பாக்ஸ். அந்த நினைவகத்தில் வேறு யாரும் கைவைக்க முடியாது. எது வேண்டுமானாலும் செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். கல்லூரி பஸ்ஸில் ஒரே ஒரு சீட் மிச்சம், இருவர் ஒரே நொடியில் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செய்திகளும் மெயில்பாக்ஸில் முன்னும் பின்னுமாகத்தான் நிற்கும். ஆக்டர் முதல் செய்தியை எடுத்து, மிச்சத்தை 0 ஆக்கி, பதில் அனுப்பிய பிறகே அடுத்ததைத் தொடும். நாம் எழுதும் கோடில் ஒரு லாக் கூட இருக்காது. அதைப் படித்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

இந்த அழகு முழுதாகத் தெரிவது எர்லாங் மொழியில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1980-களில் எரிக்சனில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் உருவாக்கியது அது. ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகள் அறுபடக் கூடாது என்ற கட்டாயத்தால் அவர்கள் தாங்களாகவே இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எர்லாங்கில் ஆக்டருக்குப் பெயர் ப்ராசஸ். புதிதாகப் பிறக்கும் ஒரு ப்ராசஸ் பிடிக்கும் இடம் சுமார் இரண்டரை கிலோபைட்தான். அதனால்தான் இணைந்திருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ப்ராசஸ் என்று வாட்ஸ்அப்பால் தாராளமாக ஒதுக்க முடிந்தது. ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அவர்கள் 2012-இல் அறிவித்தார்கள்.

நான் மனம் பறிகொடுத்த இடம் எர்லாங்கின் சூப்பர்வைசர். பிழை வந்த ப்ராசஸை விழ விட்டு, சுத்தமான நிலையில் மறுபடி எழுப்புவது அதன் வேலை. அதிலும் ஒரு நிதானம் உண்டு: வரம்பை நாம் மாற்றாவிட்டால், 5 நொடிக்குள் ஒரு தடவைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால், சூப்பர்வைசர் தன் கீழ் உள்ளவற்றை நிறுத்தி, தானும் நின்று, சிக்கலைத் தனக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசரிடம் விட்டுவிடும்.

மெயில்பாக்ஸில்தான் கவனம் வேண்டும். எர்லாங் அதற்கு உச்சவரம்பு வைப்பதில்லை. அனுப்புகிறவர் வேகமாகவும் படிக்கிறவர் மெதுவாகவும் இருந்தால் செய்திகள் குவிந்து மெமரியே தீர்ந்துவிடும். கை தேர்ந்தவர்கள் எழுதிய கோடில், இப்படிக் குவியக்கூடிய இடத்தில் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருந்து, அது வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார்.