பக்கம் புரளும் முன்: படநூலும் குழந்தையின் முடிவெடுக்கும் திறனும்

விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’, பள்ளி விட்ட பின் தன்னார்வலர் ஒருவர் சிறு குழுவாகக் குழந்தைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்றது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் கதைநூல்களை வகுப்பறைக்குள் சேர்த்தது. ஆகவே, திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் உள்ள கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களைப் பொறுத்தவரை, கைக்கு வந்த நூலை எவ்வாறு வாசித்துக்காட்டுவது என்பதே இனி ஆராயத்தக்க கேள்வியாகிறது.

கதைவழி நல்முடிவு கற்பிப்பதில் தமிழுக்கு நீண்ட மரபுண்டு. தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826இல் அச்சேறியது. ஆனால் அந்நூல், கதைமரபின்படி, அரசகுமாரர்க்கு அரசியல் சூழ்ச்சி உணர்த்த எழுந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே சுருக்கித் தருவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

சிறு குழந்தை ஒரு செயலை எடைபோடும் முறையே வேறு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில், அறியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்த சிறுவனையும், பழப்பாகைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒரே கோப்பையை உடைத்தவனையும் ஒப்பிடச் சொன்னபோது, இளங்குழந்தைகளில் பலர் முன்னவனையே பெரிய குற்றவாளி என்றனர். நோக்கத்தைவிடச் சேதத்தின் அளவே அவர்களுக்குப் பெரிதாகப்பட்டது. படநூல் உருவாக்குவோர்க்கு இது கடினமான சவால்: உடைந்த கோப்பைகளை எளிதில் வரைந்துவிடலாம், நோக்கத்தை முகபாவத்தாலும் கைநிலையாலும் மட்டுமே உணர்த்த முடியும்.

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த காங் லீயும் உடன் ஆய்வாளர்களும் கண்டவை இன்னும் கூர்மையானவை. 2014இல் வெளியான அவர்களின் ஆய்வில், பொய்க்குத் தண்டனை பெறும் பினோக்கியோ கதையும் ‘புலி வருகிறது’ கதையின் மேலை வடிவமான ஓநாய்க் கதையும் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளின் வாய்மையைக் கூட்டவில்லை. உண்மை சொன்னதற்குப் பாராட்டுப்பெறும் ஜார்ஜ் வாஷிங்டன் கதையே கூட்டியது. 2017 ஆய்விலோ, பகிர்தலைப் பேசும் ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட குழந்தைகள் கூடுதலாகப் பகிர்ந்தனர்; விலங்குப் பாத்திரங்களோடு கேட்டவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை. நரியும் காக்கையும் நிறைந்த நம் நீதிக்கதை அலமாரிக்கு இது சங்கடமான செய்திதான். எனினும், விலங்குகளுக்கு மனித இயல்பை ஏற்றிப் பார்த்த குழந்தைகள் கூடுதலாகவே பகிர்ந்தனர் என்பதால், குறை நரியிடம் மட்டும் இல்லை.

வாசிக்கும் முறைக்கு வழிகாட்டுவது ‘உரையாடல் வாசிப்பு’. அதாவது, பெரியவர் கேள்வி கேட்டு, விடையை விரித்து, மெல்ல மெல்லக் குழந்தையையே கதைசொல்லியாக்கும் முறை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் மொழிவளர்ச்சிக்காக வகுத்த இம்முறையை முடிவெடுத்தலுக்குப் பயன்படுத்துவோர், பாத்திரம் இரு வழிகளுக்கு நடுவே நிற்கும் பக்கத்தில் நிறுத்தி, அடுத்து என்ன செய்யலாம், செய்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்கவேண்டும். பாட் ஹட்சின்ஸின் ‘ரோசியின் நடை’ (1968) போன்ற நூல் இதற்கு மிகவும் இசைவானது. பின்தொடரும் நரியைப் பற்றி அதன் எழுத்தில் ஒரு சொல்கூட இல்லாததால், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் படம் பார்க்கும் குழந்தையிடமே விடப்படுகிறது. பல வயதினர் கூடும் மாலைக் குழுவில் மூத்த பிள்ளைகள் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவார்கள் என்பதால், இளையோரை முதலில் பேசவிடுவது நல்லது. கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என ஒரு வரி அச்சாகியிருந்தால், அதை வாசிக்காமலே நூலை மூடிவிடத் தன்னார்வலருக்கு எவர் அனுமதியும் தேவையில்லை.