பழைய பொருள்களுக்கு வழிகாட்டும் வரைபடம்: ஒரு திறனாய்வு

உங்கள் வீட்டு மூலையில் ஒரு கட்டுச் செய்தித்தாள், இரண்டு கண்ணாடிப் புட்டிகள், எரியாத குழல்விளக்கு ஒன்று, உப்பிப்போன கைப்பேசி பேட்டரி ஒன்று ஆகியவை கிடப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் வசிப்பது ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, இவற்றை எங்கே கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். என்ன விடை வர வேண்டும்?

எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமாக 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். மறுசுழற்சி இடங்களுக்கென்றே இதில் தனிக் குறியீடு உண்டு. அந்த இடம் தெருவோரத் தொட்டியா, ஆட்கள் பணிபுரியும் நிலையமா என்று குறிக்கலாம். காகிதம், கண்ணாடி, பேட்டரி என ஏற்கும் பொருள்களையும் தனித்தனியே பதியலாம். இது பாராட்டத்தக்க அமைப்புத்தான். ஆனால் தெருமுனைதோறும் தொட்டி நிற்கும் ஐரோப்பிய நகரங்களை மனத்திற்கொண்டு வகுத்த முறை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது பழைய இரும்புக்கடை. அதற்குப் பெயர்ப்பலகைகூட இராது. வீட்டு வாசலுக்கே வண்டியில் வந்து எடைபோட்டு வாங்குபவர் மற்றொருவர். (ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரை உங்கள் பாட்டி அறிவார்.) இவரை வரைபடத்தில் எந்தப் புள்ளியில் குறிப்பது? இன்ன தெரு, இன்ன கிழமை, இன்ன நேரம் என்றல்லவா குறிக்க வேண்டும்! புள்ளி மட்டுமே அறிந்த செயலியின் கண்ணுக்கு இவர் தென்படவே மாட்டார். சென்னையில் கபாடிவாலா கனெக்ட் என்னும் நிறுவனம் புதிய தொட்டிகளைத் தேடாமல், ஏற்கனவே இருக்கும் பழைய பொருள் கடைகளை வரைபடத்தில் பதிய முற்பட்டது. தொடங்க வேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.

அடுத்த குறை 'அருகில்' என்னும் சொல்லில் இருக்கிறது. புதுக்கோட்டை நகரம் ஏறத்தாழ 10.4 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே ஒரு பாகை அட்சம் சுமார் 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கம் சுமார் 109 கிலோமீட்டர். இரு இடங்களின் பாகைகள் தெரிந்தால் இடைத்தொலைவைக் கணக்கிடுவது எளிது. ஆயினும் அது பறவை பறக்கும் தொலைவு. கவிநாடு கண்மாயின் ஒரு கரையில் நீங்களும் மறு கரையில் கடையும் இருந்தால், கணக்குப்படி கடை அருகில்தான். மூட்டையுடன் நீந்திச் செல்ல முடியுமா? கண்மாய்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் சாலைவழித் தொலைவைக் கொண்டுதான் கடைகளை வரிசைப்படுத்த வேண்டும்.

இவற்றைவிடக் கவலை தருவது அந்தப் பேட்டரி. செய்தித்தாளுக்கும் அதற்கும் ஒரே கடையைக் காட்டும் செயலி ஆபத்தானது. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளே மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறித் தீப்பற்றக்கூடும். சம்மட்டியும் பழந்தாளும் அடுத்தடுத்துக் கிடக்கும் கடையில் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். தீக்காயம் படுவது வரைபடம் தயாரித்தவருக்கு அன்று, கடையில் தரம் பிரிக்கும் தொழிலாளிக்கு. குழல்விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் அதன் ஆவி மூச்சில் கலக்கும். பேட்டரியை மற்றக் குப்பையுடன் சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. ஆகவே செயலி, 'உங்கள் கையில் இருப்பது என்ன?' என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பேட்டரி என்றால், 'அருகில் இடமில்லை. சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள்' என்று சொல்லவும் அதற்குத் துணிவு வேண்டும்.

இன்னொன்று, கடை இடம் மாறும். வரைபடத்தில் தசமப் புள்ளிக்குப்பின் நான்காம் இலக்கம் வரை, அதாவது 11 மீட்டர் நுட்பத்துக்கு, இடம் குறித்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் அங்கே தேநீர்க்கடை இருக்கும். கடைசியாக நேரில் பார்த்த நாளை ஒவ்வொரு குறியின் கீழும் அச்சிட்டால் ஏமாற்றம் குறையும். பார்த்து வருபவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. அறிவொளி இயக்கம் நடந்த 1991-92-இல் இதே மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். இன்று அறந்தாங்கியில் மிதிவண்டி வைத்திருக்கும் நான்கு மாணவர்கள் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டால், எந்தக் கடையில் எதை வாங்குகிறார்கள், எதை வாங்குவதில்லை என்று ஒரு சனிக்கிழமைக்குள் குறித்துவிடலாம்.